வாசகர் கேள்வி – பதில்: கையால் வரைந்த அனிமே, கலைந்துபோன நிறம்

கேள்வி: 1990களில் தூர்தர்ஷனில் ஓடிய ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை அப்பா விஹெச்எஸ் கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். இப்போது பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. துடைத்துவிட்டு ஓட்டலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு ஓட்ட வேண்டாம். அது பூஞ்சை. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பரணில் கிடந்த கேசட்டுக்கு இது சகஜம். அப்படியே போட்டால் விசிஆரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் நாடா நெளிந்துவிடும். நன்றாக உலர்ந்தபின் கேசட்டைத் திறந்து, நூல் உதிராத துணியால் நாடாவை அழுத்தாமல் துடைக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். முதல் ஓட்டத்துக்கு, கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய விசிஆரை ஒதுக்கிவிடுங்கள்.

கணினியில் பதிய, எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஹெச்எஸ் டெக் (உயர்தர விசிஆர்) நல்லது. முன்பு கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்களில் விசாரியுங்கள். டெக்கில் டிபிசி (வரிகளின் நேரப் பிழையைத் திருத்தும் சுற்று) இருந்தால் நேர்கோடுகள் நெளிவது நிற்கும். 720×576 அளவில், நிற விவரத்தை அதிகம் குறைக்காத 4:2:2 முறையில், ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) பதியுங்கள். மணிக்கு 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். வட்டின் கோப்பு அமைப்பு எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபியில் கோப்பு நின்றுவிடும்; என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்டைப் பதியும்போதே சரிபார்ப்பது முக்கியம். அங்கே வெட்டுப்பட்ட வெண்மையைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கேள்வி: தூர்தர்ஷனிலிருந்து பதிந்த கேசட்டில் உருவம் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள். அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டர் போட்டால் கோடு போகிறது, ஆனால் அசைவு விக்குகிறது, வரைகோடும் மங்குகிறது. ஜப்பானிய டிவிடியிலும் இதே சிக்கல். (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. டிவிடியை முதலில் பார்ப்போம். ஓவியம் தீட்டிய, ஒளி ஊடுருவும் செல் தாள்களை நொடிக்கு 24 ஃபிரேம் ஃபிலிமில்தான் படம்பிடித்தார்கள். ஜப்பானிய டிவிக்கோ நொடிக்குச் சுமார் 60 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு வரி கொண்ட அரை ஃபிரேம்) வேண்டும். அதனால் 4 ஃபிலிம் ஃபிரேம்களை 2, 3, 2, 3 என்று 10 ஃபீல்டுகளில் பரப்பினார்கள். விளைவு, ஒவ்வொரு 5 வீடியோ ஃபிரேமிலும் 3 சுத்தமாகவும் 2 சீப்புக் கோட்டோடும் இருக்கும். மூல ஃபீல்டுகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. இணை சேர்த்து, மிகையானதை நீக்கினால் போதும். டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கிற கோட்டையே பாதி தூக்கிப் போட்டுவிட்டு ஊகித்து நிரப்பும். வேப்பர்சிந்த் என்ற வீடியோ கருவியில் விஎஃப்எம் இணை சேர்க்கும், அதன்பின் விடெசிமேட் மிகையை நீக்கும். அதே வேலைக்கு ஏவிசிந்த் கருவியில் டிஎஃப்எம், டிடெசிமேட். நொடிக்கு 23.976 ஃபிரேம் வர வேண்டும்.

அனிமேயில் ஒரே ஓவியத்தை 2 அல்லது 3 ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். எது மிகை, எது மூலம் என்று மென்பொருள் குழம்பி, தவறான ஃபிரேமை எறியும். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டுகளில் விக்கல் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீடியோவிலேயே படத்தின் மேல் பதித்த எழுத்துகள் வரும் தொடக்க, முடிவுப் பகுதிகளைத் தனியாகக் கையாளுங்கள்.

உங்கள் தூர்தர்ஷன் பதிவு பால் (PAL) ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 ஃபிரேம். ஃபிலிமை நேராக 25இல் ஓட்டியிருந்தால் ஃபீல்டு இணைப்பு மட்டும் போதும். குரல் சற்றுக் கீச்சென்றிருக்கும். படத்தையும் ஒலியையும் சேர்த்து 24க்கு இறக்கினால் சரியாகும். ஜப்பானிய வீடியோ நாடாவையே பாலுக்கு மாற்றியிருந்தால் ஒரே ஃபீல்டுக்குள் இரண்டு உருவங்கள் கலந்து நிழலாடும். நகரும் ஷாட்டை ஃபீல்டு ஃபீல்டாகத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு எஸ்ரீஸ்டோர் என்ற ஃபில்டர் உண்டு. நிழல் குறையும், முழுதும் போகாது.

கேள்வி: முகமெல்லாம் செக்கச்செவேல். ஆட்டோ கலர் போட்டால் இரவுக் காட்சி பகலாகிறது. எங்கே தொடங்குவது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: ஆட்டோ கலரை அணைத்துவிடுங்கள். படத்தின் சராசரி நிறம் சாம்பலாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்தி, நிலவொளி, தீ எல்லாம் ஓவியர் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்துத் தீட்டியவை. அதை நேராக்குவது மறுசீரமைப்பு ஆகாது.

முதலில் மேட்ரிக்ஸ், அதாவது வீடியோ எண்களைத் திரை நிறமாக மாற்றும் சூத்திரம். பழைய வீடியோவுக்கு 601 என்ற தரம், எச்டிக்கு 709. அளவைப் பெரிதாக்கியபோது இதை மாற்ற மறந்தால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை இருளும். பாதி ‘நிறக் கோளாறு’ இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, விஹெச்எஸ்ஸில் நிறம் கோட்டைத் தாண்டி வலப்புறமும் கீழேயும் வழியும். நிறத் தளத்தை மட்டும் இடப்புறம் 2 பிக்சல் 2 பிக்சலாக நகர்த்தி, உதட்டுச் சிவப்பு கோட்டுக்குள் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு நிறத் திருத்தத்துக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். ஹஃப்யுவ் கோப்பை அது ஏற்காவிட்டால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற கோடெக்கில் 10 பிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணை நம்பாமல், சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி பரேட் ஸ்கோப்பைத் திறந்து வையுங்கள். பழைய கலர் ஃபிலிமில் சயான் சாயம் முன்னதாக மங்குவதால் படம் சிவந்துபோகும். கருமைகூடச் செம்மை பூசிக்கொள்ளும். அதனால் மொத்தப் படத்துக்கும் நீலம் கூட்டுவது பயன் தராது. லிஃப்டில் (இருண்ட பகுதி) சிவப்பை இறக்கி, கருப்பு மைக்கோடு உள்ள இடத்தில் மூன்று சேனல்களின் அடியையும் ஒன்றாக்குங்கள். கெயினில் (பிரகாசப் பகுதி), கண்ணின் ஒளிப்புள்ளி போன்ற உண்மையான வெள்ளையில் மூன்றின் உச்சியையும் சேருங்கள். நடுப்பகுதியைக் கடைசியாகத் தொடுங்கள்.

பாத்திரங்களின் உடைக்கும் தோலுக்கும் முன்கூட்டியே குறித்த எண்ணுள்ள வண்ணங்களையே தீட்டினார்கள். ஆகவே நல்ல பகல் ஷாட் ஒன்றைத் திருத்தி கேலரியில் சேமித்து, மற்றப் பகல் ஷாட்டுகளை அதனுடன் ஒப்பிடுங்கள். இரவு ஷாட்டுக்கு அந்த அளவுகோல் செல்லாது. அதே ஃபிலிமின் பகல் ஷாட்டில் செய்த திருத்தத்தை அப்படியே நகலெடுத்துப் போட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். பல செல் தாள்கள் அடுக்கிய ஷாட்டில் அடியில் இருப்பவரின் நிறம் சற்று மங்கியிருப்பது இயல்பு, அதை விட்டுவிடுங்கள். ஜப்பானிய டிவிகள் 9300 கெல்வின் நீல வெண்மைக்கு அமைந்தவை. அவர்கள் டிவிடி நம் 6500 கெல்வின் திரையில் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

கேள்வி: தூசி நீக்கும் ஃபில்டர் போட்டால் மழைத்துளியும் மறைகிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: ஃபிலிமில் விழுந்த தூசி ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி மறையும். முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிட்டு ஃபில்டர் அதைப் பிடிக்கிறது. மழை, தீப்பொறி, வாள்வீச்சு எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக வரைந்தவை என்பதால் அவையும் மாட்டிக்கொள்கின்றன. அந்த ஷாட்டுகளை விலக்கிவிட்டு, அங்கே தூசியைக் கையால் நீக்குங்கள். ஓவியத்தோடு சேர்ந்தே 2, 3 ஃபிரேம் நிற்கும் புள்ளி செல் தாளிலேயே இருந்தது. அது படத்தின் பகுதி.

கேள்வி: ஏஐ கொண்டு 4கே ஆக்கலாமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: 4கே வேண்டாம், அதிகபட்சம் இரண்டு மடங்கு போதும். வரைகோட்டை அது கூர்மையாக்கும். ஆனால் பின்னணி ஓவியத்தின் தூரிகைத் தடத்தை வழித்துவிட்டு, ஃபிலிமுக்கே உரிய நுண்புள்ளிகளான மணலைப் புழு நெளிவது போன்ற கோடுகளாக மாற்றும். மேலே சொன்ன திருத்தங்களை முடித்தபின்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் சீப்புக் கோட்டையும் நிழலையும் அழுத்தமாக வரைந்து வைத்துவிடும். ஏஐ முடிவைச் சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்துடன் 30 முதல் 50 சதவீதம் மட்டும் கலந்து, சிறிது மணலைத் திரும்பச் சேர்த்து, 10 பிட்டில் வெளியிடுங்கள். வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரியாது. 4:3 படத்துக்கு 1440×1080 போதும். அகலத் திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் உப்பிவிடும்.