கூட்டாளிகளிடம் எதை, எப்போது காட்டுவது?

கேள்வி: சென்சார் தயாரிக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. வேறு மூன்று நிறுவனங்களுடன் சேர்ந்து புதிய கருவி ஒன்றை உருவாக்கப் பேசி வருகிறோம். எங்கள் வடிவமைப்பைக் காட்டினால் நகலெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஆனால் அது கையெழுத்தாகும்வரை ஒரு வரைபடத்தைக்கூட வெளியே விடாதீர்கள்.

‘இவர்களை நம்பலாமா’ என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995-இல் நம்பகத்தன்மையைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று பிரித்துக் காட்டினார்கள். நடைமுறைக்கு மிகவும் உதவும் பிரிப்பு இது. சொன்ன நாளில் மாதிரியைத் தர முடியாத கூட்டாளிக்கு உங்கள் பொறியாளர் ஒருவரின் உதவி போதுமானதாக இருக்கலாம். உங்களைக் கேட்காமல் உங்கள் சோதனை முடிவை மூன்றாம் நபரிடம் காட்டியவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் விலக்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவைவிட நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டியது உரிமைப் பிரிவு. யார் எந்த அறிவோடு உள்ளே வந்தார்கள், கூட்டாகப் பிறக்கும் கண்டுபிடிப்பு யாருக்கு, பாதியில் விலகுபவர் எதை எடுத்துச் செல்லலாம் என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். உங்கள் வரைபடங்கள், சோதனைப் பதிவுகளின் பட்டியலைத் தேதியிட்டு இணைப்பாகச் சேருங்கள். காப்புரிமைக்குத் தகுதியானது ஏதும் இருந்தால் முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். இது அவநம்பிக்கையின் அடையாளம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. எல்லை தெளிவானால்தான் பொறியாளர்கள் தயங்காமல் பேசுகிறார்கள்.

பிறகு படிப்படியாகத் திறந்து காட்டுங்கள். சென்சாரின் அளவு, மின்னழுத்தம், அது தரும் தரவின் வடிவம் ஆகியவை தெரிந்தாலே முதல் மாதிரியைச் செய்துவிடலாம்; உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போது யாருக்கும் தேவையில்லை. அவர்களும் அதே அளவு காட்டுகிறார்களா, சோதனை தோற்றால் கேட்பதற்கு முன்பே சொல்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவதையே நான் பெரிதாக மதிப்பேன்.

முழுதாகத் திறந்து காட்டிய கூட்டாளிகளும் உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலை தீக்கிரையானது. டொயோட்டா கார்களுக்கான ஒரு பிரேக் வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாராகி வந்தது. ஐசின் தன் வரைபடங்களைப் பிறருக்குக் கொடுத்தது. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் நிறுவனம்கூட வால்வு செய்ய இறங்கியது. விலை பேசி முடிப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. சில நாட்களில் கார் உற்பத்தி மீண்டது. அதற்குப் பின்னால் பல்லாண்டுக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. உங்கள் நால்வருக்குள் அது இன்னும் உருவாகவில்லை. ஆகவே நிதானமாகவே போங்கள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். நால்வரில் எவரேனும் இருவர் ஒரே வாடிக்கையாளருக்கு விற்பவர்களா என்று பாருங்கள். அப்படியானால் அவர்களுக்கிடையே சோதனைத் தரவு நேராகப் போகாமல், எல்லோரும் ஏற்கும் வெளி ஆய்வகம் ஒன்றின் வழியாகப் போகட்டும்.