கிமோனோ உடுத்தலாமா, மாவோரி பச்சை குத்தலாமா? கேள்வி பதில்

கே: அக்கா, ஜப்பானியத் தோழி ஒருத்தி எனக்குக் கிமோனோ பரிசளித்தாள். ஒரு விழாவுக்கு உடுத்திப் போனால் தப்பா?

ப: தாராளமாக உடுத்துங்கள். அவர்களே கொடுத்தது, ஜப்பானின் கியோட்டோ நகரில் சுற்றுலா வருபவர்களுக்குக் கிமோனோ வாடகைக்குக் கொடுத்து உடுத்தியும் விடுகிற கடைகள் நிறையவே உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள், இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடை வியாபாரத்துக்குக் ‘கிமோனோ’ என்று பெயர் வைத்து வணிக முத்திரைக்கும் விண்ணப்பித்தபோது கியோட்டோ மேயரே கடிதம் எழுதினார், அப்புறம்தான் அது ‘ஸ்கிம்ஸ்’ ஆனது. மற்றவர்கள் உடுத்துவதை அவர் எதிர்க்கவில்லை. கிமோனோவை விரும்புகிற எல்லாருக்கும் பொதுவான பெயரை ஒருவர் மட்டும் சொந்தமாக்கக் கூடாது என்றுதான் கேட்டார்.

கே: மாவோரி பச்சை ரொம்பப் பிடிக்கும். நெட்டில் ஒரு டிசைன் எடுத்து வைத்திருக்கிறேன், குத்திக்கொள்ளலாமா?

ப: அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ‘தா மோகோ’ என்று சொல்லும் அந்தப் பச்சை வெறும் அலங்காரம் இல்லை, அதைச் சுமப்பவரின் வம்சாவளி, குலம், குடும்பத்தில் அவருடைய இடம் எல்லாம் அதில் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் பாட்டன் பூட்டன் பெயரை உங்கள் பெயரோடு போட்டுக்கொள்வது மாதிரி ஆகிவிடும். ஆனால் ஆசையை விட வேண்டியதில்லை, மற்றவர்களுக்கென்றே ‘கிரிதுஹி’ என்று ஒன்று உண்டு, அதே பாணிதான், வம்சாவளி மட்டும் இருக்காது. மாவோரி கலைஞர் ஒருவரிடமே போங்கள், உங்கள் வாழ்க்கையைக் கேட்டு உங்களுக்கென்று வரையச் சொல்லுங்கள். ஒரு வடிவத்தை அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

கே: பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மகனுக்கு அமெரிக்கப் பழங்குடி இறகுத் தலையணி வாங்கலாமா? சின்னப் பையன்தானே?

ப: வேண்டாம். லகோட்டா போன்ற வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடி மக்களிடம் அந்தக் கழுகிறகுகள் செயலால் சம்பாதித்த மரியாதை, பெரியவர்களே கேட்டு வாங்க முடியாது. பையனுக்கு வேடம் போட வேறு எத்தனையோ இருக்கின்றன.

கே: வளையத்துக்குள் வலை பின்னி இறகு தொங்கவிட்ட ட்ரீம் கேட்சரை வீட்டில் மாட்டலாமா?

ப: மாட்டலாம். அது வட அமெரிக்காவின் ஒஜிப்வே பழங்குடி மக்களுடையது, குழந்தை தூங்கும் இடத்துக்கு மேலே கட்டியது. செய்தவர் பெயரும் இனமும் சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கே: வேறொரு பண்பாட்டு உடையை உடுத்தினால் அந்தப் பண்பாட்டுக்காரர் ஒருவர் ‘சந்தோஷம்’ என்கிறார், இன்னொருவர் கோபப்படுகிறார். யார் பேச்சைக் கேட்பது?

ப: இரண்டு பேரையும். 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கிமோனோ உடுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஆசிய அமெரிக்க இளைஞர்கள் எதிர்த்தார்கள், ஜப்பானியப் பெண்கள் சிலர் கிமோனோவிலேயே வந்து ஆதரித்தார்கள். சிறுபான்மையாக, கேலி கேட்டு வளர்ந்தவருக்கு வலிக்கிற இடம் சொந்த நாட்டில் வாழ்பவருக்கு வலிக்காது, அதனால் கோபத்தைப் பொய் என்று தள்ளாதீர்கள். நீங்கள் எங்கே, யார் முன்னால் உடுத்தப் போகிறீர்களோ அங்கே இருப்பவர்களின் மனசுக்கு என் கணக்கில் கொஞ்சம் கூடுதல் எடை.

கே: சொந்தமாகத் துணி பிராண்டு தொடங்குகிறேன். பழங்குடி வடிவங்களை அச்சிடலாமா?

ப: கேட்காமல் வேண்டாம். 2019இல் நைக்கி, பனாமாவின் குனா பழங்குடி மக்கள் துணியில் தைக்கும் ‘மோலா’ வடிவத்தை ஒரு ஷூவில் போட்டு அதைப் போர்ட்டோ ரிக்கோவுக்கான பதிப்பு என்றது, குனா தலைவர்கள் எதிர்த்ததும் திரும்பப் பெற்றது. நீங்கள் அந்த மக்களின் கைவினைக் குழுவை முதலிலேயே அணுகுங்கள். எந்த வடிவம், எத்தனை துணியில் வரும், விற்பனையில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், லேபிளில் அவர்கள் பெயரும் வரட்டும். ஒரு வடிவம் விற்பனைக்கு இல்லை என்றால் விற்கக்கூடியது எது என்று அவர்களையே கேளுங்கள்.