பிள்ளைகளைப் போட்டி விளையாட்டில் விடலாமா? ஓவர் கணக்கு எழுதும் ஒரு தந்தையின் பதில்

பத்து வயது மகனைக் கிரிக்கெட் அகாடமியில் சேர்க்கலாமா, அதற்காகும் பணமும் அடிபடும் ஆபத்தும் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். என் மகனை ஒன்பது வயதில் சேர்த்தேன், இப்போது அவனுக்குப் பதினாறு. சேர்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டு, இடையில் ஓய்வே கிடையாது என்ற ஏற்பாடாக இருந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் நேர்ந்த கெடுதலுக்கு, அவன் வீசிய பந்துகளை எவரும் எண்ணாமல் விட்டதே காரணம்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பயிற்சிக் கட்டணம் மாதம் 2,500 ரூபாய், வாரம் நான்கு நாள் பேருந்துச் செலவு, கால் வளரும் வயதாகையால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஸ்பைக்ஸ் காலணி, லெதர் பந்துக்கு மாறியதும் விலை குறைந்த காஷ்மீர் வில்லோ மர மட்டையை ஓரங்கட்டிவிட்டு வாங்கிய இங்கிலீஷ் வில்லோ மட்டை எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு எழுபதாயிரத்துக்குக் குறையவில்லை. இதை முதலீடு என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். 2018-இல் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஆடப் புதுச்சேரிக்குத் தனி அணி அமைந்ததிலிருந்து இப்பக்கத்துப் பெற்றோருக்கு ஆசை கூடியிருக்கிறது. ஆனால் ஓர் அணியில் ஆடுவோர் பதினொருவர்தாம். விளையாட்டு ஒதுக்கீட்டை நம்புவோரும் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்களும், எம்பிபிஎஸ் படிப்பில் 7 இடங்களும், அரசு வேலையில் 3 விழுக்காடும் விளையாட்டு வீரர்களுக்கு உள்ளன என்றாலும், அவற்றுக்குச் சாதாரணச் சான்றிதழ் போதாது. ஒதுக்கீடுதான் நோக்கமென்றால், தடகளமோ கைப்பந்தோ செலவு குறைந்த வழி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் தேர்வாகிவிட்டால் தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் இலவசம்.

இனி, காயம். என் மகன் வலக்கை வேகப்பந்து வீச்சாளன். பதினான்காம் வயதில், பேருந்தின் மேல் கம்பித்தட்டில் பையை வைக்கச் சொன்னபோது, "அப்பா, நீங்களே வெச்சிடுங்க" என்றான். சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். இரண்டு வாரம் கழித்து மருத்துவர் அவனை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னால் சாயச் சொன்னார். இடக்காலில் நின்று சாய்ந்தவுடன் முகம் சுருங்கி மேசையைப் பிடித்துக்கொண்டான். எம்ஆர்ஐ எடுத்ததில் கீழ் முதுகெலும்பின் இடப்பக்கத்தில் அழுத்தத்தால் வந்த விரிசல் தெரிந்தது. வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கமே விரிசல் விடும் என்று அவர் விளக்கினார். பந்தை விடும் வேளையில் ஊன்றும் முன்காலின் வழியாக உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. வளர்ந்து முற்றாத எலும்பு இதை நாள்தோறும் ஏற்றுக்கொண்டு, ஆறவும் நேரம் கிடைக்காவிட்டால், விரிசல் விடத்தான் செய்யும்.

"ஒரு வாரத்தில் எத்தனை ஓவர் வீசுவான்?" என்று மருத்துவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அகாடமியில் நெட் பயிற்சி, பள்ளி அணியில் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நண்பர்களோடு டென்னிஸ் பந்து ஆட்டம் என்று மூன்று இடங்களிலும் சேர்த்து, சில வாரங்களில் அறுபது ஓவரைத் தாண்டியிருக்கிறான். அகாடமிப் பயிற்சியாளருக்குப் பள்ளி ஆட்டம் தெரியாது. பள்ளி ஆசிரியருக்கு அகாடமிக் கணக்கு தெரியாது. மூன்றும் தெரிந்த ஒரே ஆள் நான், நானோ விக்கெட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் பின்பற்றிய விதிப்படி, 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில், அதாவது இடைவெளி விடாமல் வீசும் ஒரு சுற்றில், 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் மட்டுமே வீசலாம். 15 வயதுக்குட்பட்டோருக்கு அது 6, 12. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மாதம் மாதமாகப் பிரித்து மூன்று மாதமும், அந்த விளையாட்டை விட்டு விலகியிருக்கச் சொல்கிறது; ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதையும் 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. நாங்களோ பதினோரு வயதிலேயே கால்பந்தை நிறுத்தச் சொல்லியிருந்தோம்.

அப்படியும் ஏன் சேர்க்கலாம் என்கிறேன்? விரிசல் ஆறும்வரை பல மாதம் பந்தைத் தொடாதவன், உடற்பயிற்சியால் முதுகைத் தேற்றிக்கொண்டு திரும்பிச் சென்றான். பதினொருவர் பட்டியலில் பெயர் இல்லாத நாள்களிலும், வெயிலில் மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைக் குறையாகச் சொல்லாமல் சாப்பிட்டுப் படுத்தான். நான் எத்தனை வகுப்பெடுத்தும் அதை அவனுக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது.

ஆகவே, சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வலிக்கிறது என்று பையன் சொன்னால் அடுத்து என்ன செய்வார், ஆண்டில் எந்த மாதங்கள் விடுமுறை. "இங்கு விடுமுறையே கிடையாது" என்று பெருமையாகச் சொல்பவரிடம் விடாதீர்கள். எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். மைதானம் நனைந்துகிடக்கும் மழைக்காலத்திலும் கூரைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் வீசவைத்தார்கள்.

இப்போது மின்சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஓவர்கள் உட்பட எல்லாவற்றையும் அவனே எழுதுகிறான். ஐப்பசியும் கார்த்திகையும் நோட்டில் வெற்றுப் பக்கங்கள். கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடும் அந்த நாள்களில், மழை விட்ட மாலைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கால்பந்து ஆடப் போய்விடுகிறான்.