மைனிங் வேகத்தை எந்த அலகில் சொல்வது?
தண்டையார்பேட்டை வீட்டுக் கணினியில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்துக்கு மைனிங் (கணினியைக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டுவது) செய்யும்போது திரையில் தெரியும் ‘நொடிக்கு 8,200 ஹாஷ்’ (ஹாஷ் என்பது அந்தக் கணக்கீட்டின் ஒரு முயற்சி) என்பதை எந்த அலகில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நொடிக்கு 8.2 கிலோஹாஷ் என்று எழுதுங்கள். டெராஹாஷில் எழுதினால் 0.0000000082 என்று வந்து, படிப்பவர் சுழியங்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். கிலோ, மெகா, கிகா, டெரா, பெட்டா, எக்ஸா என ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் 1,000 மடங்கு என்பதால், எண் 1 முதல் 999 வரைக்குள் நிற்கும் அலகே பொருத்தமானது.

ஆனால், பிட்காயின் மைனிங்குக்கான ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற இயந்திரம் நொடிக்கு 110 டெராஹாஷ் தருகிறது என்பதற்காக உங்கள் கணினியைத் தயவுசெய்து குறைவாக எடைபோடாதீர்கள். சவுகார்பேட்டையில் தங்கத்தைக் கிராமிலும் எம்.சி. ரோட்டில் துணியை மீட்டரிலும் அளப்பதைப் போல, பிட்காயினின் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையின் ஹாஷும் மொனேரோவின் ரேண்டம்எக்ஸ் என்ற முறையின் ஹாஷும் வெவ்வேறு வேலைகள். ஒரே கணக்கீட்டு முறைக்குள் மட்டுமே வேகங்களை ஒப்பிடலாம்.