பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேட்பதில்லை?

குழந்தை ஒரு மருந்தும் சாப்பிட்டதில்லையே, ரத்தத்தில் இருக்கும் கிருமி மட்டும் எப்படி மருந்துக்கு அடங்காமல் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்குப் பழகியது குழந்தை இல்லை, கிருமிதான். பல நோயாளிகளுக்குப் போட்ட மருந்துகளில் தப்பிப் பிழைத்தவை வார்டிலேயே தங்கிவிடும். அப்புறம் கழுவாத கை, ஊசிக்குழாய், சிலநேரம் தாயிடமிருந்தே, எப்படியும் குழந்தைக்குள் போய்விடும்.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், ரத்தத் தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது, அதிகம் கிடைத்த அசினெட்டோபாக்டர் கிருமியில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அசையாதவை. பகீர் என்கிறதா?

இத்தனூண்டு உடம்பிலிருந்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் சோதனைக்கு, ஒரு மில்லி ரத்தம் எடுப்பதே பெரும்பாடு, முடிவு வர இரண்டு நாள் ஆகும், அதுவரை ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்று அனுமானத்தில்தான் ஆரம்பிப்பார்கள், அது கேட்காத கிருமியாக இருந்தால் அந்த இரண்டு நாளும் வீண்.

இன்னொன்று, காய்ச்சல் அடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பச்சிளம் குழந்தைக்கு உடம்பு சில்லிட்டும் போகலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் விடியும்வரை பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.