கத்திரி யார் மேல் விழுகிறது?

கேள்வி: அரசாங்க வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் வட்டிக்குமே போய்விடுகிறது. இந்த நிலைமையில் ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எதற்கு? கையில் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வேலூரில் உலகமே வந்து போகிற சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. மூட வேண்டியதை மூடிச் செலவைக் குறைத்தால் என்ன?
- ஒரு வாசகர், கே.வி.குப்பம்

பதில்: பணத்தட்டுப்பாடு உண்மைதான், அதில் உங்களோடு சண்டையில்லை. கத்திரி யார் மேல் விழுகிறது என்பதில்தான் சண்டை. திறப்பு விழாவும் கல்வெட்டும் உள்ள செலவை எந்த ஆட்சியும் தொடாது. தினக்கூலிக்கு வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர் மேல்தான் முதலில் கை வைப்பார்கள்.

அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? பாலாறு வறண்டு கிடக்கிற ஊர் நம்முடையது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் பல தெருக்களில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. கொணவட்டத்திலோ சைதாப்பேட்டையிலோ (சென்னை இல்லை, நம்ம சைதாப்பேட்டை) வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமென்ட் தொட்டியும் நிரம்பியிருக்கும். பணியாளர் மூடியைத் தூக்கி டார்ச் அடிப்பார், புழு நெளிந்தால் அபேட் மருந்தை ஊற்றுவார், அந்த வீட்டம்மாவிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும். அதனால்தான் வாராவாரம் வருகிறார்கள். சிக்கனம் என்று இரண்டு வாரம் அவரை நிறுத்தினால், ஒரு செட் கொசு பறந்துவிடும். அப்புறம் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காய்ச்சல் வார்டு, ரத்தப் பரிசோதனை, ரத்தத் தட்டணு ஏற்றுவது. மிச்சம் பிடித்த கூலி அதில் ஒரு நாளைக்குக் காணுமா?

காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, நல்ல திட்டம். ஆனால் அது படுத்தால்தான் பணம் தரும். சர்க்கரை நோயாளியின் காலை வெட்டியெடுக்க அட்டை உதவும். கால் அழுகாமல் இருக்க மாதாமாதம் தேவைப்படுகிற மாத்திரைக்கு உதவாது. அதைத் தருவது நீங்கள் மூடச் சொல்கிற அதே சுகாதார நிலையம்.

சி.எம்.சி.யை இழுத்தீர்களே. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய அறநிறுவனம் அது. உலகமே அங்கே வரலாம், ஆனால் கே.வி.குப்பத்துக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லையே என்று தேடிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர்தான். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்தப் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பதும் கணக்கில் மிச்சமாகத்தான் தெரியும்!

சிக்கனம் பண்ணத் தெரியாத அரசா இது? அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், கம்பெனிப் பெயருக்குப் பணம் கொட்டாமல் மருந்தின் பெயரில் கொள்முதல், தரம் பார்த்த பிறகே விநியோகம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக். ஒதுக்கீட்டுக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்களும் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. ஒரு சுகாதார நிலையத்தையும் மூடாமல் செய்த சிக்கனம் அது.

இன்னொன்று, சுகாதாரச் செலவெல்லாம் சுகாதாரத் துறைக் கணக்கில் மட்டும் இருக்காது. 2023 மே மாதம் நம்ம மாவட்டத்து அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. ரோடு இல்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். அந்தக் குடும்பத்திடம் போய், 'வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே' என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த கிராம சபையில் எழுந்து, உங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.