ஏற்காட்டு மழையும் பாதியில் நின்ற கெர்னலும்

வணக்கம். மழையில் மின்சாரம் போய் உபுண்டு இயங்குதளத்தின் கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) மேம்பாடு பாதியில் நின்றது, இப்போது ரூட் கோப்பு முறையை (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்ற கெர்னல் பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுவிடும் பிழை) செய்தியோடு திரை உறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வர வேண்டாம். அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பயாஸ் முறையில் தொடங்கும் பழைய கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு அதை உடனே நீக்குவதில்லை.

புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (தொடக்கத்தில் கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு தொகுப்பு) உருவாகும் முன்பே மின்சாரம் போயிருக்க வேண்டும். வட்டைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாத கெர்னல், சாவிக்கொத்தைத் தொலைத்த காவலாளி.

உள்ளே நுழைந்ததும் கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். பிறகு கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன், மென்பொருள்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையைக் கான்ஃபிகர், ஏ விருப்பங்களோடு (sudo dpkg --configure -a) இயக்குங்கள். பாதியில் நின்றதை அதுவே முடிக்கும். அடுத்து, விடுபட்ட அந்தக் கோப்புக்காக அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை, புதிய கெர்னலின் பதிப்பெண்ணோடு. கடைசியில், கிரப் பட்டியலைப் புதுப்பிக்க அப்டேட்-கிரப்.

பழைய கெர்னலும் எழவில்லை என்றால் திரையின் கடைசிப் பத்து வரிகளைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.